லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (14 ஏப்ரல் 1822 – 2 மார்ச் 1902) தென்னிந்தியாவின் நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் பெரிய அளவில் ஒளிப்படமாக்கிய தொடக்ககாலக் கலைஞர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த இவர், 1856-ல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்கலைஞராக நியமிக்கப்பட்டார். ராயக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய இடங்களில் இவர் எடுத்த படங்கள் 1858-ல் தொகுதிகளாக வெளிவந்தன. தமிழ்நாட்டின் பல ஊர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒளிப்படங்களில் இவை அடங்கும்.

டிரைப் முழுமூச்சாக ஒளிப்படப் பணியில் இருந்தது 1854 முதல் 1860 வரையிலான சில ஆண்டுகளே. அவரை நியமித்த அரசே, செலவு மிக்க ஆடம்பரம் என்று கருதி அந்தப் பணியை நிறுத்தியது. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் உருவான படங்கள் இன்று கோயில் கட்டடக்கலை, கல்வெட்டியல், நகர வரலாறு, ஒளிப்படக்கலை ஆகிய துறைகளுக்கு முதன்மைச் சான்றுகளாக உள்ளன.

இளமையும் படைப்பணியும்

டிரைப் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், இன்று டெவன்போர்ட் எனப்படும் பிளிமத் டாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் ஒன்பதாமவர். 1838-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, தென்னிந்தியாவில் பணியாற்றினார்.

1850-ல் விடுப்பில் இங்கிலாந்து சென்றார். உடல்நலக் குறைவால் அந்த விடுப்பு 1854 வரை நீண்டது. பிரான்சில் டாகேரும் இங்கிலாந்தில் டால்பட்டும் தத்தம் ஒளிப்பட முறைகளை 1839-ல் அறிவித்திருந்தனர். 1850-களின் தொடக்கத்தில் வசதியுள்ள பலர் ஒளிப்படத்தைப் பொழுதுபோக்காகக் கற்கத் தொடங்கியிருந்தார்கள். டிரைப்பும் அப்படித்தான் கற்றார். 1853-ல் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1854 சூன் மாதம் கேப்டன் பதவியோடு பெங்களூருக்குத் திரும்பியபோது படக்கருவியும் அவருடன் வந்தது.

முதல் இந்தியப் படங்கள்

1854 டிசம்பரில் மைசூர் நாட்டின் ஹளேபீடு, பேலூர் முதலிய இடங்களில் ஹொய்சளர் கோயில்களை டிரைப் படமெடுத்தார். இவற்றையும் சேர்த்து 68 படங்களை 1855-ல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைத்தார். காகிதத்தில் அச்சிட்ட ஒளிப்படக் காட்சிகளில் சிறந்த வரிசை என்று நடுவர்கள் அவற்றைத் தேர்ந்தெடுத்தனர்.

அந்தக் காலம் அவருக்குச் சாதகமாக இருந்தது. பழங்காலச் சின்னங்களைப் பதிவுசெய்ய ஓவியர்களை விட ஒளிப்படக்கலைஞர்களைப் பயன்படுத்தலாம் என்று கம்பெனியின் இயக்குநர் குழு கருதத் தொடங்கியிருந்தது. ஓவியர் ஒரு கோபுரத்தை வரைய நாள் கணக்கில் ஆகும். சிற்ப விவரங்களில் பிழையும் நேரலாம். பம்பாய் மாகாணத்தில் தாமஸ் பிக்ஸ் என்ற படையதிகாரி 1855-ல் இந்தப் பணிக்கு அமர்த்தப்பட்டார். சென்னையில் கலைப்பள்ளியை 1850-ல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் ஒளிப்படக்கலையையும் ஊக்குவித்தார். 1856-ல் சென்னை ஒளிப்படச் சங்கம் உருவானது.

பர்மா பயணம்

1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பின் பெகு பகுதியை ஆங்கிலேயர் தம் ஆட்சியில் இணைத்துக்கொண்டனர். அதை ஒட்டி 1855-ல் ஆர்தர் பேயர் தலைமையில் ஒரு தூதுக்குழு பர்மிய மன்னர் மிண்டானின் அரசவைக்குச் சென்றது. அக்குழுவின் அதிகாரபூர்வ ஒளிப்படக்கலைஞராக டிரைப் உடன் சென்றார். ஓவியராகக் கோல்ஸ்வொர்தி கிராண்ட் சென்றார்.

ஐராவதி ஆற்றின் வழியே சென்ற அந்தப் பயணத்தில் புரோம், பகான், ஆவா, மிங்குன், தலைநகர் அமரபுரா ஆகிய இடங்களை டிரைப் படமெடுத்தார். மழையும் மேகமூட்டமும் குறைந்த நேரமும் அவருக்கு இடையூறாக இருந்தன. பெங்களூர் திரும்பியபின் 120 படங்கள் கொண்ட 50 தொகுப்புகளை அச்சிட்டார். அதாவது 6,000 அச்சுப் படங்கள், ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துக் கையால் எடுக்கப்பட்டது.

சில ஆண்டுகளிலேயே மிண்டான் தன் தலைநகரை மாண்டலேக்கு மாற்றினார். அமரபுரா தலைநகராக இருந்த கடைசிக் காலத்தைக் காட்டுவதால் டிரைப்பின் படங்களுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது.

சென்னை அரசின் ஒளிப்படக்கலைஞர்

பர்மாப் படங்களின் வெற்றியால் 1856-ல் சென்னை மாகாண அரசு டிரைப்பைத் தன் ஒளிப்படக்கலைஞராக நியமித்தது. கட்டடக்கலை, சிற்பம், தொன்மம், வரலாறு ஆகியவற்றில் ஆர்வமுள்ளோருக்குப் பயன்படும் சின்னங்களை, அவை அழிந்து மறைவதற்கு முன் பதிவுசெய்வது அவரது நோக்கமாக இருந்தது.

1857 டிசம்பர் நடுவில் பெங்களூரிலிருந்து அவர் புறப்பட்டார். வட இந்தியாவில் கிளர்ச்சியும் அதை அடக்கும் போரும் இன்னும் ஓயாத நேரம் அது. இருப்புப்பாதை எட்டாத பகுதிகள் என்பதால் கருவிகளும் வேதிப்பொருள்களும் கண்ணாடித் தகடுகளும் மாட்டு வண்டிகளில் சென்றன. ராயக்கோட்டை, சேலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும், அங்கிருந்து மதுரைக்கும், பின் புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்கும் சென்று 1858-ன் கோடையில் சென்னையை அடைந்தார். ஏறத்தாழ நாலரை மாதப் பயணம்.

அந்தப் பயணத்தின் படங்கள் 1858-லேயே ஊர்வாரியான தொகுதிகளாக வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள். ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூரும் திருவையாறும் என மற்றவை அமைந்தன. அசல் ஒளிப்படங்களே அட்டையில் ஒட்டப்பட்டு, அவற்றோடு அச்சிட்ட விளக்கக் குறிப்புகள் சேர்க்கப்பட்டன. நூலில் ஒளிப்படத்தை நேரடியாக அச்சிடும் வழி அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

படம் எடுத்த முறை

டிரைப் தன் பெரிய படங்களுக்கு மெழுகுக் காகித முறையைப் பயன்படுத்தினார். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851-ல் வெளியிட்ட முறை இது. மெல்லிய காகிதத்தில் மெழுகை ஊட்டி அதை ஒளி ஊடுருவும்படி செய்வார்கள். பிறகு அயோடைடு கரைசலில் நனைத்து உலர்த்தி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து ஒளியுணர்வு ஊட்டுவார்கள். இப்படித் தயாரித்த காகிதத்தைச் சில நாள்கள் வரை உலர்ந்த நிலையிலேயே வைத்துப் பயன்படுத்தலாம்.

அதே காலத்தில் பரவிவந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டின் மீது பூசிய கரைசல் காய்வதற்குள் படத்தை எடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவி முடிக்க வேண்டும். அதற்குப் படமெடுக்கும் இடத்திலேயே இருட்டுக் கூடாரம் தேவை. தமிழ்நாட்டு வெயிலில் அது பெரும் பாடு. டிரைப் இரு கண்ணால் பார்த்து ஆழம் உணரும்படியான சிறிய இரட்டைப் படங்களுக்கு மட்டும் கண்ணாடித் தகட்டைக் கையாண்டார். சுமார் 12 அங்குல உயரமும் 15 அங்குல அகலமும் கொண்ட பெரிய காட்சிகளுக்குக் காகிதத்தையே நம்பினார். அக்காலத்தில் எதிர்ப்படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் இல்லாததால், அச்சுப்படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கருவி வேண்டியிருந்தது.

காகித முறையில் ஒளிபடும் நேரம் பல நிமிடங்கள் நீளும். அசையும் எதுவும் பதியாது. பதிந்தால் புகைபோல் மங்கும். டிரைப்பின் கோயில் பிராகாரங்களும் தெருக்களும் ஆளில்லாமல் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வானமும் ஒரு சிக்கலாக இருந்தது. அன்றைய வேதிப்பொருள்கள் நீல ஒளியை மட்டும் மிகுதியாக ஏற்றன. நிலமும் கட்டடமும் சரியாகப் பதிவதற்குள் வானம் மிகையாகப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். பச்சை இலைகள் இதற்கு மாறாகக் கருத்துப்போகும். டிரைப் எதிர்ப்படத்தின் மீது தூரிகையால் வண்ணம் பூசி வானத்தில் மேகங்களை உருவாக்கினார். மரங்களின் இலைப்பகுதியில் புள்ளிகள் இட்டு வெளிச்சம் கொடுத்தார். ஆகவே அவரது படங்களில் தெரியும் மேகங்களைக் கொண்டு அன்றைய வானிலையை ஊகிக்க முடியாது. கல்லையும் சுவரையும் அவர் இம்மாதிரி மாற்ற முனையவில்லை என்பதால், கட்டடச் சான்றாக அப்படங்களின் மதிப்பு குறையவில்லை.

நிலக்காட்சிப் படங்கள்

டிரைப் கோயில்களை மட்டும் எடுத்தவர் அல்லர். ராயக்கோட்டையில் மலைக்கோட்டைக்கு ஏறும் வழியைப் படமெடுத்தார். 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. படையதிகாரியின் கண்ணோட்டம் அந்தப் படத்தில் தெரிகிறது: பாறை, பாதை, மதில் ஆகியவற்றின் அமைப்பைப் பார்ப்பவர் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். புதுக்கோட்டைப் பகுதியில் திருமயம் கோட்டையையும் படமெடுத்தார்.

மதுரையில் வைகை ஆற்றின் குறுக்கே சென்ற தரைப்பாலத்தை முன்னால் வைத்து, எதிர்க்கரையில் நகரம் தெரியும்படி எடுத்த படம் அவரது சிறந்த நிலக்காட்சிகளில் ஒன்று. அகன்ற மணல் பரப்பும், அதை வெட்டிச் செல்லும் பாலமும், தொலைவில் மதுரையும் தெரிகின்றன. இன்று மதுரைக்குள் பல பாலங்களுக்கு அடியில் ஓடும் வைகையின் முந்தைய அகலத்தை அறிய இது உதவுகிறது. யானைமலையை அதன் நீளப்போக்கில் எடுக்காமல், ஒரு முனையிலிருந்து பார்த்து எடுத்த படமும் உண்டு. படுத்திருக்கும் யானை போன்ற வழக்கமான தோற்றம் அதில் இல்லை. பாறையின் கனமும் செங்குத்தும் மேலோங்குகின்றன.

நகர அடையாளங்களையும் அவர் விடவில்லை. மதுரைக் கோட்டைச் சுவரை 1840-களில் இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் ஜான் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட தூணை அவர் எடுத்தார். மதுரைக்காரர்கள் விளக்குத்தூண் என்று அழைக்கும் இடம் அதுவே. இன்று துணிக்கடைகளும் நெரிசலும் சூழ்ந்த அந்தப் பகுதி, அப்படத்தில் திறந்தவெளியாகக் கிடக்கிறது.

திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் எடுத்தபோது அது பெரும்பாலும் சிதைந்த நிலையில் இருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அது பழுதுபார்க்கப்பட்டது. ஆகவே பழுதுபார்ப்புக்கு முன் அரண்மனை எப்படி இருந்தது, எந்தப் பகுதி பின்னாளில் சேர்க்கப்பட்டது என்று ஒப்பிட டிரைப்பின் படங்கள் உதவுகின்றன. ஸ்ரீரங்கத்திலும் இதுபோல் ஒரு வேறுபாடு உண்டு. அவர் சென்ற காலத்தில் தெற்கு ராஜகோபுரம் முற்றுப்பெறாமல் நின்றிருந்தது. 1987-ல்தான் அது கட்டி முடிக்கப்பட்டது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசைப்படம்

டிரைப்பின் பணிகளில் மிகக் கடினமானது தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் நீண்ட வரிகளாக வெட்டப்பட்டுள்ளன. அவற்றை ஒரே தொடர்ச்சியாகக் காட்ட டிரைப் விரும்பினார்.

பொதுவாக அகன்ற காட்சிப்படம் எடுப்பவர்கள் ஓரிடத்தில் நின்று கருவியைத் திருப்பிக்கொண்டே போவார்கள். கல்வெட்டுச் சுவருக்கு அந்த வழி ஒத்துவராது. ஓரங்களில் எழுத்துகள் சாய்ந்து சிறுத்துவிடும். ஆகவே அவர் சுவருக்கு இணையாக, ஒரே தொலைவில், கருவியை இடம் மாற்றி மாற்றிப் பகுதி பகுதியாக எடுத்தார். 21 படங்களைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டியபோது சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே வரிசைப்படம் கிடைத்தது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனிக் காகிதம், தனித்தனி வெளிச்சம்; இருந்தும் வரிகள் பொருந்தும்படி இணைத்திருக்கிறார்.

அந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பது ஆய்வுலகில் அப்போது உறுதிப்படவில்லை. 1886-ல் அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ட்ஷ் இக்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தார். முதலாம் ராசராசன் எடுப்பித்த கோயில் என்பது அவற்றால் நிலைநாட்டப்பட்டது. கோயில் ஊழியர்கள், ஆடல் மகளிர், செப்புத் திருமேனிகள், அணிகலன்கள், விளக்குக்கு விடப்பட்ட ஆடுமாடுகள் பற்றிய விவரங்கள் எல்லாம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் வெளிவந்தன. தமிழ் படிக்காத ஒரு படையதிகாரி, அவை என்ன சொல்கின்றன என்று தெரியாமலேயே, படிக்கத் தக்கவை என்று கருதி ஏறத்தாழ 30 ஆண்டுகள் முன்னதாக அவற்றைப் பதிவுசெய்திருந்தார்.

அமராவதிச் சிற்பங்கள்

சென்னை திரும்பியதும் 1858-ல் அமராவதிப் பௌத்த ஸ்தூபச் சிற்பங்களை டிரைப் படமெடுத்தார். கிருஷ்ணா ஆற்றங்கரையில் வால்டர் எலியட் 1840-களில் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பியவை என்பதால் அவை எலியட் சலவைக்கற்கள் என்று அழைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 1859-ல், அச்சிற்பங்களில் பெரும்பகுதி கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னையை விட்டுப் போகும் முன் ஒவ்வொரு கல்லும் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்களே ஆவணம்.

பணி நிறுத்தப்பட்டது

1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் சென்னை ஆளுநராக வந்தார். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் அரசின் நிதிநிலை மோசமாக இருந்தது. அந்த நிலையில் அரசுச் செலவில் ஒளிப்படம் எடுப்பது உயர்ந்த ஆடம்பரம் என்று டிரெவெல்யன் கருதி, பணியை நிறுத்த ஆணையிட்டார். டிரைப் கையிலிருந்த எதிர்ப்படங்களை அச்சிட்டு முடித்து, 1860-ல் தன் பணிக்கூடத்தை மூடினார். மாகாணம் முழுவதையும் பதிவுசெய்யும் திட்டம் ஒரே ஒரு பெரும் பயணத்தோடு நின்றது.

இங்கே எழும் கேள்வி இன்றும் உயிருள்ளது. பஞ்சமும் வரிச்சுமையும் இருந்த நாட்டில் ஒளிப்படத்துக்குப் பொதுப்பணம் தேவையா என்று கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளி, சாலை போன்ற செலவுகளைத் தள்ளிப்போட்டாலும் பிறகு செய்துகொள்ளலாம். 1859-ன் நிலக்காட்சியைப் பிறகு படமெடுக்க முடியாது.

டிரைப்பின் பணிக்கூடம் வேறு வகையிலும் விளைவை ஏற்படுத்தியது. அவரிடம் பயிற்சி பெற்ற உதவியாளர்களில் அய்யாசாமி என்ற தமிழர் குறிப்பிடத்தக்கவர். அவர் பின்னர் சென்னைக் கலைப்பள்ளியில் ஒளிப்படக்கலையைக் கற்பித்தார். தென்னிந்தியாவின் முதல் தலைமுறை உள்ளூர் ஒளிப்படக்கலைஞர்கள் உருவானதில் இந்தப் பள்ளிக்கு முக்கியப் பங்கு உண்டு.

பிற்காலம்

1860-க்குப் பின் டிரைப் படைப்பணிக்கே திரும்பினார். பர்மாவில் பின்னாளில் எடுத்த ஒரு சிறு வரிசை தவிர அவர் குறிப்பிடத்தக்க படங்கள் எதையும் எடுக்கவில்லை. மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பதவியோடு ஓய்வுபெற்று, சொந்த ஊரான டெவன்போர்ட்டில் வாழ்ந்து 1902-ல் காலமானார்.

அவரது இடத்தைப் புதிய வகைக் கலைஞர்கள் பிடித்தனர். 1863-ல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் இமயமலைக் காட்சிகளை எடுத்து வணிக நிறுவனம் வழியாக விற்றார். வாங்குவோர் விரும்பும் எழில் காட்சிகளே அவரது இலக்கு. டிரைப்பின் வேலை அரசு ஆவணம் என்பதால் விற்பனையை எண்ணிக் காட்சியைத் தேர்ந்தெடுக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. அதனாலேயே அவரது பெயர் வெகுகாலம் பரவலாக அறியப்படவுமில்லை.

மதிப்பீடு

டிரைப்பின் படங்கள் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் நூலகம் முதலிய இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. ஜேனட் டூவன் தொகுத்த முழுமையான படப்பட்டியல் 2003-ல் வெளிவந்தது. 2014-15 ஆண்டுகளில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்று இடங்களில் அவரது படங்களின் பெரிய கண்காட்சி நடந்தது.

இப்படங்களைச் சான்றாகக் கொள்ளும்போது அவற்றின் எல்லைகளையும் கருத வேண்டும். அவை ஆளும் அரசின் தேவைக்காக எடுக்கப்பட்டவை. கோட்டை, கோயில், அரண்மனை, நினைவுச்சின்னம் ஆகியவற்றுக்கு இடம் கிடைத்தது; உழவும் குடிசையும் சந்தையும் ஏறக்குறைய இல்லை. ஒரு கட்டடத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களை அதில் தேடினால் கிடைப்பது குறைவு. ஆனால் ஒரு தூண் எங்கே நின்றது, ஒரு மதில் எவ்வளவு உயரம் இருந்தது, ஓர் ஆறு எவ்வளவு அகலம் பரந்தது என்று கேட்டால் அவை துல்லியமாக விடை தருகின்றன.

பல நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இப்படங்களை இணையத்தில் பார்க்கும்படி வைத்துள்ளன. மதுரை, திருச்சி, தஞ்சை, ராயக்கோட்டை ஆகிய ஊர்களின் மாணவர்கள், டிரைப் கருவியை நிறுத்திய இடத்தைக் கண்டுபிடித்து அதே கோணத்தில் இன்றைய காட்சியை எடுத்து ஒப்பிடலாம். உள்ளூர் வரலாற்றைக் கற்க இது எளிய, நம்பகமான ஒரு வழி.